ஆண்டு விழாவுக்கு ஒயிலாட்டம்: பாட்டைப் போட்டு ஆடவிடுவதா, வாத்தியாரைக் கூப்பிடுவதா?

கரும்பலகை (செப்டம்பர் 9, இரவு)

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது. கல்யாண வீட்டில்கூட ஓரமாக நின்று கைதட்டுகிற ஆள். ஆனாலும் ஆண்டு விழாக் கலைநிகழ்ச்சிப் பொறுப்பு மூன்று வருடமாக என் தலையில்தான்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். கிராமிய நடனம் என்று ஒன்று வைத்தோம். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான்: யூடியூபில் ஒரு பாட்டு, விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒத்திகை, வாடகைக் கடையில் எடுத்த கண்டாங்கிச் சேலை. பெண்பிள்ளைகள் ஆறு பேர் கரகம் ஆடினார்கள். விழுந்துவிடக்கூடாதே என்று பிளாஸ்டிக் குடத்தைத் தொப்பியில் ஒட்டி, தாடைக்குக் கீழே எலாஸ்டிக் மாட்டி விட்டோம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

விழா முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். எங்கள் பிள்ளை ஒருத்தியின் தாத்தா. இளவயதில் கரகம் ஆடியவராம். "சார், கரகம் விழுந்திருமோன்னு பாக்குறவனுக்குப் பக்குன்னு இருக்கணும். நீங்க கட்டிப்போட்டுட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்த முறை விழா பிப்ரவரியில். எட்டாம் வகுப்பில் 34 பிள்ளைகள், பையன்களும் பெண்களும். கையில் துணியோடு வரிசையாக ஆடுகிற ஒயிலாட்டம் வைக்கலாமா என்று யோசனை. வீடியோ பார்த்து நானே பழக்கிவிடலாமா, இல்லை தெரிந்தவரைத்தான் பிடிக்க வேண்டுமா? பணத்துக்கு என்ன செய்தீர்கள்? "இது அவர்கள் ஆட்டம், இவர்கள் ஆட்டம்" என்று ஊரில் பேச்சு வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேளக்காரர்மகன் (செப்டம்பர் 9, நள்ளிரவு)

அந்தத் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் சார்.

அப்பா நையாண்டி மேளத்தில் தவில். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு செட். நான் வாசிக்கவில்லை, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் பதினைந்து வயது வரை திருவிழா திருவிழாவாக அப்பாவோடு வேனில் தூங்கிக்கொண்டே போனவன்.

கரகச் செம்பை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பித்தளைச் செம்பின் அடிப்பாகத்தை உள்பக்கமாகத் தட்டிக் குழிவாக்கியிருப்பார்கள், தலையில் படிந்து உட்காருவதற்கு. உள்ளே அரிசியோ மணலோ போட்டு எடை ஏற்றுவார்கள். எடை இருந்தால்தான் நிற்கும், காலிக் குடம் வழுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் பிளாஸ்டிக் குடத்தை வைத்தால் எலாஸ்டிக் போட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. எங்கள் செட்டில் ஆடிய அக்காமார் பழகுகிற பிள்ளைகளிடம் முதலில் செம்பைத் தரவே மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து, கையை விட்டு, வாசலுக்கும் கிணற்றுக்கும் நடக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில். ஆகவே 34 பிள்ளைகளுக்குக் கரகம் வேண்டாம். ஒயில் சரியான முடிவு.

ஆனால் வீடியோ பார்த்துப் பழக்காதீர்கள். வீடியோவில் கால் தெரியும், காதுக்கு என்ன செய்வீர்கள்? தவில்காரர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் வாசிப்பார். ஆடுகிறவர் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் மேளமும் கூடுதலாகப் போகும். புதுப் பிள்ளை தடுமாறினால் அப்பா அந்த இடத்திலேயே நான்கு தட்டுத் தட்டி நிறுத்திப் பிடித்துக்கொடுப்பார். பார்க்கிறவர்களுக்குத் தடுமாறியதே தெரியாது. ஸ்பீக்கர் யாருக்காகவும் நிற்காது. அதனால்தான் ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைக் கண்ணோரம் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள்.

இன்னொன்று, பணத்தைவிட முக்கியம். பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் கொடை விழாக்கள். அந்த மாதங்களில் எந்தக் கலைஞரும் கிடைக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்கள், கடன் வாங்கிச் சாப்பிடுகிற மாதங்கள். அப்போது கூப்பிடுங்கள். ஜனவரி கடைசியில் அலறிக்கொண்டு போய் நின்றால் உங்களுக்கும் கிடைக்காது, அவருக்கும் பயனில்லை.

பீட்டிவாத்தியார் (செப்டம்பர் 10)

மேளக்காரர்மகன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் 2012-ல் பகுதிநேரமாக எடுத்த ஆசிரியர்கள்தான் இன்னமும். அன்றைக்குச் சம்பளம் மாதம் 5000 ரூபாய். மொத்தம் 16,549 பேரை எடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். எங்களுக்கே பணி நிரந்தரம் இல்லை. இதில் தவிலுக்கும் நாகசுரத்துக்கும் யார் கொடுப்பது?

நடைமுறைக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதிக்க விடாதீர்கள். ஒயிலில் உட்கார்ந்து எழும்புகிற அடிகள் உண்டு, முட்டி போய்விடும். மண் தரை, காலை நேரம், பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு. சலங்கையை முதல் நாளே கட்டாதீர்கள். கட்டிவிட்டால் பிள்ளைகள் சத்தத்துக்காகவே காலை உதறுவார்கள், அடி கெட்டுவிடும்.

கரிசல்கமலா (செப்டம்பர் 10, மாலை)

நான் கோவில்பட்டிப் பக்கம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி கரும்பலகை, உங்கள் மாவட்டத்துக்கு ஒயிலோடு தேவராட்டமும் பக்கம்தான்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நிகழ்கலை என்றே ஒரு பாடம் இருக்கிறது. கரகம், மயில், காவடி, ஒயில், தேவராட்டம், தப்பு, புலி, தெருக்கூத்து எல்லாம் அதில் வருகிறது. கரகத்துக்குப் புறநானூற்றுச் சான்று கூட உண்டு. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குவார்கள். தேவராட்டத்துக்கு உரிய கருவி எது? தேவதுந்துபி. டிக் போட்டாயிற்று. அது உறுமிதான், தன் தெரு முனையில் மாரியம்மன் கோயிலில் ஒலிப்பதுதான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் சாப்பாட்டை விவரித்துவிட்டு இலையை எடுப்பது போல இருக்கும்.

தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. உறுமி சொல்வதைக் கால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதனால் அதைப் பதிவு செய்த பாட்டுக்கு ஆடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ராஜகம்பளத்தார் என்ற சமூகத்தார் வீட்டுக் கல்யாணத்திலும் கோயிலிலும் ஆடுவது. ஆண்கள் மட்டும். நான் பல வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை ஆடவைக்க நினைத்து, யாரையும் கேட்காமல் தொடங்கிவிட்டேன். நான்காம் நாள் பள்ளி வாசலில் பத்துப் பேர். "எங்கள் வீட்டுச் சடங்கை நீங்கள் மேடையில் போடுவது எப்படி?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. சாதித் திமிர் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, என் அம்மா பாடிய ஒப்பாரியை எவரோ கேட்காமல் மேடையில் பாடினால் எனக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் நானே அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "சடங்குக்கு ஆடுறது எங்களோட இருக்கட்டும். வெறும் அடவை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தாறோம்" என்றார். உறுமிக்காரரையும் அனுப்பினார். பெண்பிள்ளைகள் என்பது அவருக்குக் கடைசி வரை ஒப்பவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் விழாவுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அதனால் சொல்கிறேன்: முதலில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால்கூட ஏன் என்று தெரியவரும்.

சந்தேகப்பிராணி (செப்டம்பர் 11)

நான் பெற்றோர் தரப்பு. கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமலா அம்மா சொன்னதிலேயே விடை இருக்கிறது. இந்த ஆட்டங்கள் எல்லாம் சாதியோடு ஒட்டியவை. ஒன்று ஒரு சாதியின் பெருமை, இன்னொன்று ஒரு சாதியின் மீது சுமத்திய வேலை. சாதியை மறக்க வேண்டிய ஒரே இடம் பள்ளிக்கூடம், அங்கே போய் ஏன் இதைக் கிளறுகிறீர்கள்? கொங்கு பக்கம் வள்ளி கும்மி மேடையில், சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று பெண்பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கியதாக 2024-ல் வீடியோ சுற்றியதே, பார்க்கவில்லையா? மரபு மரபு என்று எல்லாவற்றையும் தூக்கிவர முடியாது. குறவன் குறத்தி ஆட்டத்தை அரசே 2023-ல் தடை செய்தது, ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று.

பிள்ளைக்கு ஆடத் தோன்றினால் சினிமாப் பாட்டுக்கு ஆடட்டும். அதில் யாருக்கும் வம்பில்லை.

பறையொலி (செப்டம்பர் 11, இரவு)

சந்தேகப்பிராணி, உங்கள் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். எட்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு மாதம் ஒருமுறை வரும்.

இரண்டு விதமான பெற்றோர் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் வகை, "சாவு மேளத்தைப் போய் என் பிள்ளை தொடுவதா" என்பவர்கள். அவர்களோடு வாதாடலாம், எனக்கு அதில் சலிப்பே கிடையாது. இரண்டாம் வகைதான் கஷ்டம். ஒரு அப்பா. அவருடைய அப்பா ஊருக்குப் பறை அடித்தவர், சாவுக்கும் கோயிலுக்கும், கூலியாக நெல்லும் வசவும். அவர் சொன்னார்: "நாங்க அதைக் கீழ போட்டுட்டு வெளிய வர ஒரு தலைமுறை ஆச்சு. நீங்க திரும்ப எடுத்து எம்மவன் கையில குடுக்கிறீங்க." என்னிடம் பதில் இல்லை. அவர் பையனை அனுப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அந்த உரையாடலுக்குப் பிறகு இரண்டு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் அடிக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும். "அந்தப் பையனுக்கு ரத்தத்துலயே இருக்கு, அவன் அடிக்கட்டும், மற்றவர்கள் ஆடட்டும்" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். பாராட்டு மாதிரித்தான் இருக்கும். அதுதான் பழைய ஏற்பாடு, புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. இரண்டு, எந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கு வந்தாலும் வாசலில் நின்று பறையடித்து வரவேற்க எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். மேடையில் என்றால் வருவோம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். இந்த விதியால் இரண்டு பள்ளிகளில் வாய்ப்பு போனது. போகட்டும்.

பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, பறையைத் தொடாதே என்று சொன்ன வீடுகளிலேயே சில பேர் போன் செய்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்கள் மறப்பதற்காக ஆடவில்லை. ஆகவே கிளறாமல் இருப்பதுதான் நல்லது என்பதை நான் ஏற்கவில்லை, ஆனால் யார் கையில் கொடுக்கிறோம், எதற்கு அடிக்கச் சொல்கிறோம் என்பதில் கண் வேண்டும்.

சினிமாப் பாட்டில் வம்பில்லை என்றீர்கள். சென்ற வருடம் ஒரு பள்ளி விழாவில் எந்தப் பாட்டு போடுவது என்பதிலேயே இரண்டு தெருவுக்குச் சண்டை. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

கரும்பலகை அவர்களுக்கு: பறை யோசித்தால் ஒன்று. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், அடிக்கொரு தரம் வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும். பள்ளியில் தீ மூட்ட விடமாட்டார்கள். ஃபைபர் தோல் போட்ட பறை கிடைக்கிறது, ஒலி கொஞ்சம் தகரம் மாதிரி. பழகுவதற்குப் போதும். குச்சி இரண்டும் வேறு வேறு, ஒன்று கட்டையாக, ஒன்று மெல்லிசாக நீளமாக. பிள்ளைகளுக்கு முதலில் குச்சியே வேண்டாம், தொடையில் கையால் தட்டி வாயால் சொல்ல வையுங்கள். டண்டணக்கு டண்டணக்கு என்று எவரோ கேலிக்குச் சொல்வதைத்தான் நாங்கள் முதல் பாடமாக வைத்திருக்கிறோம்.

கொங்குத்தென்றல் (செப்டம்பர் 12)

என் மகள் வள்ளி கும்மி ஆடுகிறாள். நானும் முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தேன், மூச்சு வாங்குகிறது. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த உறுதிமொழி நடந்தது உண்மை, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கும்மி அந்த மேடைக்காரர்களுடையது அல்ல. முருகன் வள்ளியைக் கட்டிய கதையைத்தான் இரவு முழுக்கப் பாடி ஆடுகிறோம். முருகன் யார், வள்ளி யார்? வேடர் வீட்டுப் பெண்ணை விரும்பிக் கட்டிய கதை அது! அதை ஆடிவிட்டு அந்த உறுதிமொழியா என்று என் மகளே கேட்டாள். ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்துப் பழக்கியவர் பத்ரப்பன் ஐயா. அவருக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் தடை பார்த்திருந்தால் நான் இன்று ஆடியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் பழக்குவது கோயில் மைதானத்தில். யார் வரலாம் என்று எழுதி ஒட்டவில்லை, ஆனால் யார் வருவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். என் மகளின் பள்ளித் தோழி ஒருத்தி பத்து நாள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளி மைதானத்தில் நடந்திருந்தால் அவளும் வரிசையில் நின்றிருப்பாள். சந்தேகப்பிராணி சொல்வதற்கு நேர் எதிராக, இது பள்ளிக்குள் வர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கோத்தகிரிமூடுபனி (செப்டம்பர் 12)

நீலகிரியிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. படுகர் ஆட்டத்தை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே நுழைந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான்கு வயதுக் குழந்தையும் அதே வட்டம், பாட்டியும் அதே வட்டம். தப்பாக ஆடினால் யாரும் நிறுத்த மாட்டார்கள், வட்டம் போகிற வேகத்தில் கால் தானே சரியாகிவிடும். ஊட்டிப் பக்கப் பள்ளி விழாக்களில் இப்போது இதை மேடையில் ஒரே வரிசையாக, பார்வையாளர் பக்கம் முகம் திருப்பி ஆடுகிறார்கள். மேடைக்கு அழகுதான். ஆனால் வட்டத்தில் எதிரே நிற்பவரின் முகம் தெரியும். அது போய்விட்டது.

மட்டுநகரான் (செப்டம்பர் 14)

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இப்போது கதைக்கிறதை நாங்கள் அறுபது வருசமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் எங்கள் கூத்தை எடுத்து, மாணவர்களைக்கொண்டு மேடையேற்றினார். ஊரில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் விடிய விடிய ஆடுவதை ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான், மறுக்க முடியாது. மௌனகுரு போன்ற நாடகக்காரர்கள் அந்தப் பட்டறையில் வந்தவர்கள். பிறகு பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்தும் ஒரு போட்டியாகியது. நாடகமும் அரங்கியலும் என்று சாதாரண தரம், உயர்தரம் என்ற எங்கள் பொதுப் பரீட்சைகளுக்கு ஒரு பாடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் இல்லாத வசதி இது என்று நினைக்கிறேன்.

ஆனால் போட்டிக்கு நேரக் கணக்கு உண்டு. அந்த நிமிடங்களுக்குள் வரவு ஆட்டம், சண்டை, சாவு எல்லாம் வந்தாக வேண்டும். பிள்ளைகள் துள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஊரில் கூத்துப் பழகுவது வேறு. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், யாருக்கு எந்த வேசம் என்று. அதிலேயே ஊர்ச் சண்டை ஒன்று வந்து தீரும். மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், தேத்தண்ணி, பகிடி, அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகை, பிறகுதான் அரங்கேற்றம். அந்த மாதங்களுக்குள்தான் ஒரு பிள்ளை தன் ஊரைப் பழகும். போட்டியில் முதலாமிடம் வந்த பாடசாலைப் பிள்ளைகளிடம் உங்கள் அண்ணாவியாரின் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். மூன்று பேருக்குத் தெரியவில்லை. ஒலிப்பதிவில் மத்தளம் அடித்தவரை அவர்கள் கண்டதே இல்லை.

பிறகு ஜெயசங்கர் போன்றோர் கூத்தை ஊருக்குள்ளேயே, ஊராரோடு சேர்ந்து மாற்றுவோம் என்று மீளுருவாக்கம் தொடங்கினார்கள். இங்கே மட்டக்களப்பில் சீலாமுனையில் செய்தது அப்படித்தான். அதிலும் விவாதம் ஓயவில்லை. கூத்தைப் பற்றிச் சண்டை பிடிக்காவிட்டால் மட்டக்களப்பான் இல்லை.

கரும்பலகை ஐயா, உங்களிடம் ஐந்து மாதம் இருக்கிறது. போட்டிக்காரர்களுக்கு அது கிடைப்பதில்லை.

பீட்டிவாத்தியார் (செப்டம்பர் 14)

எங்கள் பக்கமும் அதேதான். 2022-ல் பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாப் போட்டிகள் தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்தது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். கலையரசன், கலையரசி பட்டம் வாங்கிய பிள்ளைகளின் வீட்டில் அந்தச் சான்றிதழ் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஆனால் பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்ட அளவு என்று அடுத்தடுத்து வரும். இடையில் பழக நாள் ஏது? பாட்டைப் போடு, ஆடு. நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஜவகர் சிறுவர் மன்றம் என்று கலை பண்பாட்டுத் துறை நடத்துவது பல ஊர்களில் இருக்கிறது, அங்கே கிராமிய நடனம் சொல்லித்தருபவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். ஆள் பிடிக்க அதுதான் குறுக்கு வழி.

கரும்பலகை (நவம்பர் 16)

இவ்வளவு நாள் எட்டிப்பார்க்காததற்கு மன்னிக்க வேண்டும். ஆள் கிடைத்துவிட்டார். பக்கத்து ஒன்றியத்தில் ஒயில் வாத்தியார், அறுபத்துச் சொச்சம் வயது. எங்கள் பக்கம் ஒயில் பழக்குகிறவரை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அதனால் பள்ளியில் இப்போது பிள்ளைகள் "வாத்தியார்" என்றால் அவரைத்தான் குறிக்கிறார்கள். நான் சாராகிவிட்டேன்.

ஐப்பசியில் தொடங்கினோம். வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 700 ரூபாயும் பஸ் செலவும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதி, பழைய மாணவர்கள் நான்கு பேர் மீதி. தவிலுக்கு அவருடைய மருமகன் வாரம் ஒரு நாள் வருகிறார், மற்ற நாள் வாத்தியாரே ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டுகிறார். (போன வருடத்துக் கரகக் குடம்தான் அது. எலாஸ்டிக்கைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.)

முதல் இரண்டு வாரம் நடக்க மட்டும் விட்டார். தன்னானே தானே என்று அவர் பாட, வரிசையாக முன்னே நான்கு அடி, பின்னே நான்கு அடி. பிள்ளைகளுக்குச் சலிப்பு, எனக்கும்தான். துணியைக் கையில் கொடுத்தது மூன்றாவது வாரம். அதற்குள் யாரும் எண்ணாமலேயே கால் ஒன்றாக விழுந்தது.

சிக்கலும் வந்தது. "ஒயில் ஆம்பளைப் பிள்ளைக ஆட்டம் சார், பொம்பளைப் பிள்ளைக பாட்டுப் பாடட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரை இழந்துவிடுவோமோ என்ற பயம். வாயை மூடிக்கொண்டேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெண்பிள்ளைகள் பின்னால் நின்று பாடிக்கொண்டே அடியை எடுத்துவிட்டார்கள். தீபாவளி முடிந்த வாரம் பையன்கள் ஐந்து பேர் வரவில்லை, வரிசை பல்லுப்போன மாதிரி இருந்தது. வாத்தியாருக்கு வரிசை கோணினால் ஆகாது. பாடிக்கொண்டே கையைக் காட்டி, "ஏய் நீ வா, நீயும் வா" என்று ஐந்து பெண்களை உள்ளே இழுத்தார். பையன்கள் திரும்பி வந்த பிறகும் அவர்களை வெளியே அனுப்பவில்லை. இப்போது இரண்டு வரிசை. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, நானும் கேட்கவில்லை.

கரிசல்கமலா (நவம்பர் 16)

கேட்காதீர்கள் தம்பி. கேட்டால் மறுபடி கொள்கை பேச வேண்டிவரும் அவருக்கு.

சந்தேகப்பிராணி (நவம்பர் 17)

ஊரில் யாராவது சாதிப் பேச்சு எடுத்தார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

கரும்பலகை (நவம்பர் 17)

எடுத்தார்கள். வாத்தியார் எந்தத் தெரு என்று மூன்று பெற்றோர் கேட்டார்கள். ஒருவர் மகனை நிறுத்திவிட்டார். அவன் தினமும் மைதான ஓரத்தில் பையோடு உட்கார்ந்திருக்கிறான். கொங்குத்தென்றல் சொன்ன சுவரோரப் பிள்ளை ஞாபகம் வருகிறது. இன்னும் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. போக வேண்டும்.

கரும்பலகை (பிப்ரவரி 23)

விழா முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மேளக்காரர்மகன் எச்சரித்த திருவிழாச் சிக்கல் மாசியிலேயே வந்துவிட்டது. தவில் மருமகனுக்கு அன்றைக்கே மாசித் திருவிழாக் கச்சேரி, ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எங்கள் நிகழ்ச்சியோ ஏழு மணிக்கு, சிறப்பு விருந்தினர் வந்த பிறகு. பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகள்தான் வேண்டாம் என்றார்கள். "குடத்தைத் தட்டினாக்கூட ஆடுறோம் சார், செல்போன் வேண்டாம்." தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஒயிலை முதல் நிகழ்ச்சியாக நாலரை மணிக்குத் தள்ளிவிட்டார்.

நாலரைக்கு யார் இருப்பார்கள்? வெயில், முன்வரிசையில் காலி சோபாக்கள், பின்னால் அம்மாக்களும் கைக்குழந்தைகளும், பந்தல்காரர்களும். மேடையில் ஏறவில்லை, மண் தரையிலேயே 28 பிள்ளைகள். நடுவில் ஒருவனுடைய துணி கையை விட்டுப் பறந்து போனது. தவில் அந்த அடியிலேயே சுற்றிக்கொண்டு நின்றது, அவன் ஓடிப்போய் எடுத்து வந்து சேரும் வரை. நான் அப்போதுதான் பார்த்தேன், மேளக்காரர்மகன் செப்டம்பரில் எழுதியதை. பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தோம், முப்பதாகிவிட்டது. தவில்காரர் வேர்வையோடு பஸ்ஸுக்கு ஓடினார். விருந்தினர் வந்தபோது சினிமாப் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

நிறுத்தி வைத்திருந்த அந்தப் பையன் ஆடவில்லை. துணி மடித்துக் கொடுத்தான்.

இனி வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை ஒயிலுக்கு விட்டிருக்கிறார்கள், அடுத்த வருடமும் தொடரும். பணத்துக்கு இன்னும் வழி பார்க்கவில்லை. இப்போதைக்கு ஒரே ஒரு கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்கிறார்கள், பெரியவர்கள் சலங்கை அவர்கள் காலில் நிற்காமல் பாதத்தில் வந்து விழுகிறது. சின்னக் காலுக்குச் சலங்கை எங்கே செய்து தருவார்கள்?

மேளக்காரர்மகன் (பிப்ரவரி 24)

வாங்காதீர்கள் சார். பழைய சலங்கையைப் பிரித்து, மணியைப் பாதியாகக் குறைத்து, நாடாவில் தைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், அப்பாவிடம் இரண்டு ஜோடி சும்மா கிடக்கிறது.